யாருடைய பொழுது?

என் தமக்கை மகன் ஒருவன் ஒரகடத்தில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்க்கிறான். வெளியிலிருந்து வரும் சாமான்களை வரவழைத்து, இறக்கி, உள்ளே அனுப்பும் பகுதிக்கு அவன் பொறுப்பு. கெட்டிக்காரன், நல்லவன். நான் எழுதியவற்றில் பாதியையாவது படித்திருக்கிறான் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. "மாமா, ஒரு நாள் வந்து பாருங்கள், கதை எழுத உதவும்" என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சென்ற மாசியில் போனேன். கதை ஒன்றும் அகப்படவில்லை. ஒரு கேள்விதான் அகப்பட்டது. அதை இறக்கி வைக்க இடம் தெரியாமல் வாசகர்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடந்தான் ஒரகடம். என் வாலிப நாளில் அந்தப் பக்கம் ஏரியும் வயலும் பனைமரமுந்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய்க் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-ல் ரெனோ–நிஸ்ஸான் ஒரகடத்துக்கு வந்தது. 2012-ல் டெய்ம்லர் கம்பெனி 'பாரத்பென்ஸ்' என்று லாரியே செய்ய ஆரம்பித்தது. கண்ணாடி, டயர், மோட்டார் சைக்கிள் எல்லாம் அக்கம்பக்கத்திலேயே உண்டாகின்றன.

மருமகன் என்னை உள்ளே அழைத்துப் போய்க் காட்டினான். நீளமான கூடம். வண்டிகள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நகர நகர ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒன்றைப் பொருத்துகிறார்கள். "கிடங்கு எங்கே?" என்று கேட்டேன். சிரித்தான். "கிடங்கு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது மாமா. இன்று மத்தியானம் பொருத்த வேண்டிய சாமான் இன்று காலையில் வரும். அதுதான் இதன் சூட்சுமமே." ஒரு சாமான் வராமல் போனால் என்ன ஆகும் என்றேன். "லைன் நின்றுவிடும்" என்றான். ஊரில் யாரோ பெரியவர் இறந்துபோன செய்தியைச் சொல்லும் குரலில் அதைச் சொன்னான்.

இந்த ஏற்பாடு ஜப்பானில் பிறந்தது. யுத்தத்துக்குப் பிறகு டொயோட்டா கம்பெனியில் தைச்சி ஓனோ என்ற பொறியாளர் இதை வகுத்தார். வேண்டியது, வேண்டியபோது, வேண்டிய அளவு மட்டும்; சேர்த்து வைப்பது பணத்தை முடக்கி வைப்பது. தொழிற்சாலையில் நடக்கும் வீண்களை அவர் ஏழாகப் பிரித்தார். தேவைக்கு மேல் செய்வது ஒரு வீண், குவித்து வைப்பது ஒரு வீண். காத்திருப்பதும் அந்த ஏழில் ஒன்று. ஒரு தொழிலாளி அடுத்த சாமானுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் நிமிஷத்தை அவர் களவு போன நிமிஷமாகவே கருதினார். மேதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சாயங்காலம் நாலரை மணிக்கு வெளியே வந்தேன். மருமகனுக்கு இன்னும் வேலை இருந்தது. அவன் முடித்துவிட்டு வரும் வரையில் ஒரு டீக்கடையில் உட்காரலாம் என்று நடந்தேன். மதில் ஓரமாக, கண்ணுக்கு எட்டிய மட்டும் லாரிகள் நின்றன. ஒன்றின் நிழலில் ஒருவர் கைலியும் பனியனுமாகக் குந்தியிருந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். இன்னொருவர் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலுடன் எதிர்ப்புற முட்புதரை நோக்கிப் போனார். மதிலுக்கு உள்ளே நான் கண்டது ஒரு நிமிஷமும் வீணாகாத உலகம். வெளியே நிமிஷங்கள் கொட்டிக் கிடந்தன.

டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். "எத்தனை நேரமாக நிற்கிறீர்கள்?" என்று கேட்டேன். "நேத்து காலையில பத்து மணிக்கு வந்தேனுங்க" என்றார். முப்பது மணி நேரம்! அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்ததா என்று கேட்டால் பெய்தது என்று சொல்வோமே, அப்படிச் சொன்னார். நேரத்துக்கு வராவிட்டால் முதலாளிக்கு வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே முதலாளி முன்கூட்டியே அனுப்பிவிடுகிறார். முன்கூட்டி வந்தவனை உள்ளே விட இடமில்லை. ஆகவே அவர் நிற்கிறார்.

எனக்கு 1968-ஆம் வருஷம் ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் வேலூரிலிருந்து சென்னைக்குப் போகப் பஸ்ஸுக்குக் கொடுக்க மனமில்லாமல், மண்டியில் தெரிந்தவர் ஒருவர் சொல்லி வெல்ல மூட்டை ஏற்றிய லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டேன். டாடா மெர்ஸிடிஸ் வண்டி; மூக்கில் நட்சத்திரம். 1954-லிருந்து 1969 வரையில் டாடாவும் அந்த ஜெர்மன் கம்பெனியும் கூட்டாகச் செய்த லாரி அது. அதே பென்ஸ் பெயர் நாற்பத்துச் சில்லறை வருஷம் கழித்து ஒரகடத்துக்கே வந்து குடியேறும் என்று அன்று யார் கண்டார்கள்! கேபின் மரத்தால் ஆனது. என்ஜின் மூடியின்மேல் கால் பட்டால் கொப்பளிக்கும். ஸ்டியரிங்கைத் திருப்ப டிரைவர் எழுந்து நின்று இரண்டு தோளாலும் இழுப்பார். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் விடியற்காலையில் பின்பக்கத்து ஆக்சில் ஒடிந்தது.

கிளீனர்ப் பையன் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனான், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஆக்சில் வாங்கிவர. அன்று ஞாயிற்றுக்கிழமை; கடை இல்லை. மறுநாள் மத்தியானந்தான் தோளில் இரும்பைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தான். ஒன்றரை நாள் நாங்கள் புளியமரத்தடியில் கிடந்தோம். டிரைவர் மூன்று கல்லை வைத்துச் சோறு பொங்கினார். ஊருக்குள்ளிருந்து ஒரு அம்மாள் மோர் கொடுத்தனுப்பினாள். இரவில் அவர் தார்ப்பாயை விரித்துப் படுத்து, நிம்மதியாகக் குறட்டை விட்டுத் தூங்கினார். மறுநாள் ஒடிந்த ஆக்சிலின் துண்டு உள்ளே மாட்டிக்கொண்டபோது, கம்பியை வளைத்து அதை வெளியே இழுத்தவரும் அவரே.

இதைச் சொல்வதால் அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். வயதானவர்களுக்கு அந்த வியாதி சீக்கிரம் வரும். எனக்கும் கொஞ்சம் உண்டு. அந்தக் கிளீனருக்குப் பதினாலு வயதுகூட இராது; ஆக்சிலை இறக்கி வைத்த கையோடு தாமதத்துக்காக ஓர் அறையும் வாங்கினான். மாநில எல்லைதோறும் சோதனைச் சாவடி. ஒவ்வொன்றிலும் காகிதத்தைக் காட்டி, காகிதத்துக்குள் வேறொன்றையும் வைத்துக் காட்ட வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரிச் சாவடிகள் எடுபட்டன. 2021-லிருந்து சுங்கச் சாவடியில் ஃபாஸ்டேக் கட்டாயமாகிவிட்டது. ஸ்டியரிங் இன்று ஒரு விரலுக்குத் திரும்புகிறது. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. இருந்தாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. வண்டியைப் பற்றிய மட்டில், சாலையைப் பற்றிய மட்டில், இன்றைய டிரைவர் தம் தகப்பனாரைவிட எவ்வளவோ சௌகரியமானவர்.

அப்படியானால் அந்த ஒன்றரை நாளுக்கும் இந்த முப்பது மணிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் காத்திருப்புத்தானே?

யோசித்துப் பார்த்தேன். ஆக்சில் ஒடிந்ததில் யாருக்கும் லாபமில்லை. டிரைவர் காத்திருந்தார், வெல்லம் காத்திருந்தது, வேலூர் மண்டிக்காரரும் கொத்தவால் சாவடி வியாபாரியும் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நஷ்டம் எல்லார் தலையிலும் விழுந்தது. ஆகவே எல்லாரும் அது சீக்கிரம் தீர வேண்டும் என்று விரும்பினார்கள். ஒரகடத்து மதில் ஓரத்தில் நடப்பது அப்படியல்ல. அங்கே ஒருவர் காத்திருப்பதால்தான் மற்றவர் காத்திருக்காமல் இருக்கிறார். கிடங்கு ஒழிந்துவிட்டது என்கிறார்கள். எங்கே ஒழிந்தது? மதிலுக்கு வெளியே சக்கரம் பூட்டி நிற்கிறது. அந்தக் கிடங்குக்கு வாடகை கிடையாது. காவல்காரனுக்குச் சம்பளம் கிடையாது, ஏனென்றால் டிரைவரே காவல். ஓனோவின் ஏழு வீண்களில் ஒன்று கூடத்திலிருந்து பெருக்கித் தெருவில் தள்ளப்பட்டிருக்கிறது. தெருவில் கிடக்கும் குப்பை யார் கணக்கிலும் வராது.

இந்த மண்ணுக்குக் காத்திருப்பு புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமாநுஜர் மந்திரோபதேசத்துக்காகத் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. பதினேழு முறை திரும்பிப் போகச் சொன்னார்களாம். ஆனால் அவர் தேடிப் போன காத்திருப்பு அது. நடந்தவரும் அவரே, பலனை அடைந்தவரும் அவரே. வேண்டாமென்றால் ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டிருக்கலாம். டீக்கடையில் என் பக்கத்தில் இருந்தவர் யாருடைய பலனுக்காகத் தவமிருந்தார்?

மருமகன் வந்ததும் இதைக் கேட்டேன். அவன் முகம் வாடிவிட்டது. "மாமா, நான் யாரையும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. இறக்கும் மேடை இத்தனைதான். எந்தச் சாமான் இப்போது வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது, அந்த வண்டியைக் கூப்பிடுகிறேன். மதிலுக்கு வெளியே நிற்பவர் எங்கள் ஆள்கூட இல்லை. அவர் லாரிக்காரருடைய ஆள். லாரிக்காரர் இன்னொரு கம்பெனியின் குத்தகைதாரர்." அவன் சொன்னதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. லாரி முதலாளியைக் கேட்டால் அவரும் உண்மையைத்தான் சொல்வார்: "நான் நேரத்துக்கு அனுப்பினேன்." ஒவ்வொருவரும் தம் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். ஒழுங்காகச் செய்த அத்தனை வேலைகளின் முடிவில் ஒரு மனுஷன் முப்பது மணி நேரமாக முட்புதர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

தீமை என்றால் தீமை செய்கிறவன் ஒருவன் வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். கதை எழுதுகிறவர்களுக்கு அது இன்னும் சுலபம். ஒரு வில்லனைப் படைத்து அவன் தலையில் கட்டிவிடலாம். இங்கே என் தமக்கை மகனைத்தான் வில்லனாக்க வேண்டியிருக்கிறது. என்னால் முடியவில்லை.

முடியாததற்கு உறவு மட்டும் காரணமல்ல. 1994-ல் நாங்கள் திருவல்லிக்கேணியிலிருந்து தாம்பரத்துக்கு வீடு மாறினோம். ஒரு திங்கட்கிழமை. லாரி சொன்னபடி காலை ஆறு மணிக்கு வந்துவிட்டது. ஏழரைக்குள் புறப்பட வேண்டும் என்று ஏற்பாடு. என் புத்தகங்களை நான் முந்தின இரவே கட்டி வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. ஏழரை தாண்டி ராகு காலம் வந்துவிட்டது. ஒன்பதுக்கு மேல் புறப்படலாமென்றால், வழியில் எமகண்டம் குறுக்கிடும் என்றாள் அத்தை. பன்னிரண்டுக்கு மேல்தான் என்று முடிவாயிற்று. டிரைவர் ஒரு தடவை உள்ளே வந்து, "சார், மத்தியானம் இன்னொரு லோடு ஒத்துக்கினு இருக்கேன்" என்றார். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளப்பா" என்று சொல்லிக் காப்பி கொடுக்கச் சொன்னேன். அவர் அந்த இரண்டாவது லோடுக்குப் போயிருக்க முடியாது. இறக்கி முடிந்ததும் பேசிய வாடகைக்கு மேல் பத்து ரூபாய் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் பெருந்தன்மையாக இருந்ததாகவும் நினைத்துக்கொண்டேன்! அவருடைய ஒரு நாள் கூலியில் பாதியை என் சோம்பலுக்கும் அத்தையின் பஞ்சாங்கத்துக்கும் எடுத்துக்கொண்டேன் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை. அவரிடம் கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. லாரி என்னுடையதல்ல, ஆனால் வாடகைக்கு எடுத்த லாரியோடு அந்த மனுஷருடைய பொழுதும் சேர்ந்து வந்துவிட்டதாக எண்ணினேன்.

இங்கேதான் கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன். பணத்தை ஒருவனிடமிருந்து கேளாமல் எடுத்தால் திருட்டு என்கிறோம். பொழுதை எடுத்தால் அதற்குப் பெயரே இல்லை. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று வகுத்தது. நல்ல சட்டம். ஆனால் மதில் ஓரத்தில் நிற்கும் மணி வேலையா, ஓய்வா? லாரித் தொழிலில் 'ஹால்டிங்' என்று ஒரு கட்டணம் உண்டு. கேட்டு வாங்கத் தெரிந்த முதலாளிக்கு அது கிடைக்கலாம். முதலாளிக்குக் கிடைத்ததில் டிரைவருக்கு எவ்வளவு வந்து சேரும் என்பது அவரவர் மனசைப் பொறுத்தது.

செய்ய முடியாத காரியமா என்றால், இல்லை. ஓனோவின் ஜப்பானிலேயே 2024 ஏப்ரலிலிருந்து லாரி டிரைவர்களின் மிகைநேர வேலைக்கு வருஷத்துக்கு 960 மணி என்று வரம்பு கட்டிவிட்டார்கள். அதற்கு முந்தின வருஷமே அரசாங்கம், சரக்கு ஏற்றி இறக்குவதும் அதற்காகக் காத்திருப்பதுமாகச் சேர்த்து இரண்டு மணிக்குள் முடிய வேண்டும் என்று கம்பெனிகளுக்கு நெறிமுறை வகுத்துக் கொடுத்தது. ஆள் பற்றாக்குறை வந்த பிறகுதான் அங்கேயும் புத்தி வந்தது என்பது வேறு விஷயம். நம் ஊரிலும் பிள்ளையை லாரிக்கு அனுப்ப விரும்பும் டிரைவரைக் காண்பது அரிதாகிவிட்டது. என் டீக்கடை நண்பரின் வண்டியில் கிளீனர் இல்லை. "இப்ப யாருங்க கிளீனருக்கு வர்றாங்க?" என்றார்.

அவரிடம் கடைசியாக நான் கேட்டது இதுதான்: "முப்பது மணி நேரம் இருந்ததே, தூங்கி எழுந்திருக்கலாமே?" 1968-ல் புளியமரத்தடியில் கேட்ட குறட்டை என் காதில் இருந்தது.

அவர் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். "எப்படீங்க தூங்கறது? எந்நேரம் கூப்பிடுவாங்கன்னு தெரியாது. கூப்பிட்டு எடுக்காமப் போனா டோக்கன் போயிருமுங்க. மறுபடியும் கடைசியில நிக்கோணும்."

மருமகன் வந்து, பேசி, நாங்கள் புறப்படும்போது மணி எட்டேகால். அந்த லாரியைத் தாண்டும் சமயத்தில் அவர் கைலியை மாற்றிக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவசரமாகக் கதவில் ஏறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார், முகமெல்லாம் சந்தோஷம்.

"கூப்பிட்டுட்டாங்க!" என்றார். "இறக்கினதும் ராத்திரியோடு ராத்திரியா ஓசூர் போயிரோணும். காலையில எட்டு மணிக்கு அங்க ஒரு லோடுங்க."