அற்புதம் அதிகாரம் தருமா?

கப்பர்நகூமில் ஒரு வீட்டின் கூரையைப் பிரித்து, திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் படுக்கையோடு உள்ளே இறக்குகிறார்கள். அவன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்கிறார் இயேசு. பாவத்தை மன்னிக்க இவர் யார் என்று அங்கிருந்த வேதபாரகர்கள் மனத்துக்குள் பொருமுகிறார்கள். அந்த அதிகாரம் தமக்கு உண்டென்று அவர்கள் அறியும்படி, அவனை எழுந்து நடக்கச் சொல்கிறார், அவனும் நடக்கிறான். மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் வரும் இந்த நிகழ்ச்சி ஒரு வாதத்தையும் முன்வைக்கிறது. மன்னிப்பைக் கண்ணால் காண முடியாது, நடையைக் காணலாம். கண்டது காணாததற்குச் சாட்சி. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கமும் அற்புதங்களை இறைவெளிப்பாட்டின் உறுதியான அடையாளங்கள் என்று அறிவித்தது.

அற்புதம் நடந்தது என்பதற்கு மனிதச் சாட்சியம் போதுமா என்று 1748இல் கேட்டார் தத்துவவாதி டேவிட் ஹியூம். அது அறிவு சார்ந்த கேள்வி. அறநெறி கேட்பது வேறு: நடந்தது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அதைச் செய்தவருக்குக் கீழ்ப்படியும் கடமை நமக்கு வந்துவிடுமா? வல்லவர் எல்லாரும் நல்லவராக இருக்க வேண்டும் என்று விதி இல்லை.

இந்த ஐயம் நாத்திகர் கிளப்பியதன்று, விவிலியத்திலேயே இருக்கிறது. ஆரோனின் கோல் பாம்பானபோது, பார்வோனின் மந்திரவாதிகளும் தங்கள் கோல்களைப் பாம்பாக்கிக் காட்டினார்கள். ஒரு தீர்க்கதரிசி சொன்ன அடையாளம் பலித்தாலும், அவன் வேறு தெய்வங்களிடம் அழைத்தால் செவிகொடுக்கக் கூடாது என்கிறது உபாகமம் 13. இயேசுவின் பெயரால் அற்புதங்கள் செய்தோம் என்று கடைசி நாளில் வந்து நிற்பவர்களில் பலரை அவரே அறியேன் என்று சொல்லிவிடுவார் என்கிறது மத்தேயு 7. ஆக, போதனையை அளக்க அற்புதம் போதாது. அற்புதத்தையே போதனையையும் வாழ்வையும் கொண்டு அளக்க வேண்டியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் இது வெட்டவெளிச்சமானது. ஏழைகளுக்காகவே வாழ்ந்த பிரான்சுவா த பாரி என்ற திருத்தொண்டர் 1727இல் இறந்தார். கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளேயே எழுந்த ஜான்சனியர்கள் என்ற இயக்கத்தினரைக் கண்டித்து 1713இல் வெளியான திருத்தந்தையின் ஆணையை எதிர்த்தவர் அவர். சேன் மெடார் கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதிக்கு நோயாளிகள் திரண்டார்கள். மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். குணமானோம் என்று சாட்சி சொன்னார்கள். கடவுள் தங்கள் பக்கம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்றனர் ஜான்சனியர்கள். பேராயர் ஏற்கவில்லை. 1732 ஜனவரியில் அரசாணையால் தோட்டம் மூடப்பட்டது. இங்கு அற்புதம் செய்யக் கடவுளுக்கு அரசர் தடை விதித்துள்ளார் என்று யாரோ வாசலில் கேலி எழுதி ஒட்டினார்கள். குணமானவர்களின் சாட்சியங்களை நூலாக்கி 1737இல் மன்னரிடமே நேரில் கொடுத்த நீதிபதி மோங்ழெரோன் சிறைக்குப் போனார். இரு தரப்பாரும் கத்தோலிக்கர். இரு தரப்பாரும் அற்புதங்களை நம்பியவர்கள். அப்படியிருந்தும் வழக்கை அற்புதம் தீர்த்துவைக்கவில்லை. யார் சொல்வது சரி என்று முன்பே முடிவு செய்திருந்தவர்கள், அதற்கேற்ப அற்புதத்தை ஏற்றார்கள் அல்லது தள்ளினார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நற்செய்தியின் அற்புதங்கள் வெறும் பலப்பரீட்சை அல்ல. பெரும்பாலும் நோயாளிக்கும் பசித்தவனுக்கும் செய்த இரக்கம். அது உண்மை. ஆனால் அப்போது சாட்சி சொல்வது இரக்கமேயன்றி, இயற்கை விதி மீறப்பட்டது அல்லவே! பெல்ஜியத்தில் பிறந்த குருவானவர் தமியான் 1873இல் ஹவாயின் மொலொகாய் தீவுக்குப் போனார். தொழுநோய்க்கு மருந்து இல்லாத காலம். புண்ணுக்குக் கட்டுப் போட்டார், வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழி தோண்டினார். யாருடைய நோயையும் அவர் அற்புதமாகத் தீர்க்கவில்லை. தாமே அந்த நோய் கண்டு 1889இல் இறந்தார். 2009இல் அவரைப் புனிதராக அறிவிக்கும் முன், அவர் பரிந்துரையால் நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட குணங்களைத் திருச்சபை ஆராய்ந்தது. அந்தக் குணங்கள் இல்லாதிருந்தால் மொலொகாயில் கழிந்த பதினாறு ஆண்டுகளின் மதிப்பு குறைந்துவிடுமா?

குணத்தைச் சான்றாக்கினால் குணமாகாதவனின் நிலை என்ன? நோயாளிகள் குணம் தேடிப் போகும் லூர்து நகரின் மருத்துவர் குழு, ஒரு குணத்துக்கு இன்றைய மருத்துவத்தில் விளக்கம் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அற்புதம் என்று அறிவிப்பது ஆயரின் பொறுப்பு. அதன் பிறகும் அதை நம்பியே தீர வேண்டும் என்று யாரையும் திருச்சபை கட்டாயப்படுத்துவதில்லை. இந்த நிதானம் சுகமளிக்கும் கூட்டங்கள் பலவற்றில் இல்லை. மேடையில் எழுந்து நடப்பவர் போதகரின் அதிகாரத்துக்குச் சான்றாகிறார். சக்கர நாற்காலியிலேயே வீடு திரும்புபவர் எதிர்ச்சான்றாகிவிடக் கூடாதே! அதனால் அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லப்படுகிறது. நோயோடு குற்றத்தையும் சேர்த்துச் சுமக்கவைப்பது எந்த அறத்துக்கும் அடுக்காது.

விசுவாசிக்கு அற்புதம் நன்றி சொல்லக் காரணமாக இருக்கலாம், அதில் பழுதில்லை. அதைக் காட்டிக் கீழ்ப்படியச் சொல்பவரிடம்தான் கேள்வி கேட்க வேண்டும்: நம்பிய பிறகு எங்களை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? சொல்வது நியாயமானால், அற்புதம் இல்லாமலும் அதைச் செய்யலாம். அநியாயமானால், செத்தவரே எழுந்து வந்து சொன்னாலும் செய்யக் கூடாது.