வேதனைக்குத் தக்க பலன் உண்டா?

ராஜகிருகத்துக்கு அருகே சீதவனத்தில் சோண கோளிவீசர் என்றொரு இளம் துறவி இருந்தார். சம்பா நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளை. உள்ளங்காலில் மயிர் முளைத்திருக்கும் அளவுக்கு மென்மையாக வளர்ந்தவர் என்று பௌத்தர்களின் வினயபிடகம் சொல்கிறது. துறவு பூண்டதும் நடைத் தியானத்தில் இறங்கினார். பாதம் கிழிந்தும் நிறுத்தவில்லை. அவர் நடந்த பாதை, மாடு அறுத்த களம்போல ரத்தமாகிவிட்டது. அத்தனைக்குப் பிறகும் மனம் விடுதலை பெறவில்லை. வீட்டுக்குத் திரும்பி, இருக்கிற செல்வத்தை அனுபவித்தபடி தானதருமம் செய்துகொண்டு இருந்துவிடலாமே என்று எண்ணத் தொடங்கினார்.

அப்போது அவரைத் தேடி வந்த புத்தர், வீணையைப் பற்றித்தான் பேசினார். சோணர் இல்லறத்தில் இருந்தபோது நன்றாக வீணை வாசித்தவர். நரம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் வீணை பேசுமா, தளர விட்டால் பேசுமா என்று புத்தர் கேட்க, இரண்டுக்கும் இல்லை என்றார் சோணர். முயற்சியும் அப்படித்தான், மிகுந்தால் மனம் கொந்தளிக்கும், குறைந்தால் சோம்பல் சேரும் என்று விளக்கினார் புத்தர். இந்தக் கதையின் முடிவில் ஒரு நடைமுறை ஏற்பாடும் வருகிறது. ஒற்றை அடுக்குச் செருப்பு அணிந்துகொள்ள சோணருக்கு அனுமதி கிடைக்கிறது. தனக்கு மட்டும் சலுகை வேண்டாம், சங்கத்தார் அனைவருக்கும் என்றால் ஏற்கிறேன் என்கிறார் அவர். அப்படியே எல்லாத் துறவிகளுக்கும் செருப்பு அனுமதிக்கப்படுகிறது.

முயற்சியின் மதிப்பு அது தரும் வேதனையில் இருக்கிறதா, அது நீடிக்கும் காலத்தில் இருக்கிறதா? சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி இது. பதஞ்சலியின் யோகசூத்திரம் முதல் பாதத்திலேயே இரண்டு பக்கமும் பேசுகிறது. நீண்ட காலம், இடைவிடாமல், சிரத்தையோடு செய்யும் அப்பியாசம்தான் உறுதிப்படும் என்கிறது. சில சூத்திரங்கள் தள்ளி, தீவிர வேட்கை உள்ளவர்களுக்குச் சமாதி பக்கத்திலேயே இருக்கிறது என்றும் சொல்கிறது. கடந்த நூறு ஆண்டுகளில் இதே கேள்வி, சற்றும் எதிர்பாராத ஓர் இடத்தில், கடிகாரமும் நாடித்துடிப்புக் கணக்குமாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. அந்த இடம் ஓட்டப் பயிற்சி.

ஓடுகிறவர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பேசிக்கொண்டே ஓட முடிகிற நிதானத்தில், நிற்காமல் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஓடுவது. மற்றொன்று இன்டர்வல் பயிற்சி: மூச்சு முட்டும் வேகத்தில் சில நிமிடம், பிறகு மெதுநடையோ மெது ஓட்டமோ சில நிமிடம், மறுபடி வேகம். எந்த வழியில் உடல் கூடுதலாக ஆக்சிஜனைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகிறது என்ற கணக்கில் இதை அளக்கிறார்கள்.

இரண்டு வழிக்கும் மகான்கள் இருந்தார்கள். 1930களில் ஜெர்மனியில் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரெய்ன்டெலும் சேர்ந்து இன்டர்வல் முறைக்கு ஒழுங்கு கொடுத்தார்கள். ஓட்டத்தில் நாடித்துடிப்பு 180 வரை ஏறலாம், ஓய்வில் 90 வினாடிக்குள் அது 120க்கு இறங்க வேண்டும், இறங்காவிட்டால் ஓடிய வேகம் அதிகம் என்பது அவர்கள் விதி. அந்த ஓய்வு நேரத்தில்தான் இதயம் வலுப்பெறுகிறது என்று அவர்கள் நம்பினார்கள். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாடோபெக், 400 மீட்டரை ஒரே நாளில் 60 முறை ஓடிய நாட்கள் உண்டு.

மறுபக்கம் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் ஓடுவதே அடித்தளம் என்றார். அவரிடம் பயின்றவர்கள் ஞாயிறுதோறும் வைட்டாக்கெரே மலைப் பாதையில் 22 மைல் ஓடினார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர்களில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். 800 மீட்டர் என்பது மைதானத்தில் சரியாக இரண்டு சுற்று. இரண்டு சுற்றுக்கு 22 மைல் எதற்கு என்ற கேள்விக்கு ஸ்னெலின் பதக்கம் பதிலாக நின்றது. லிடியார்டும் போட்டி நெருங்கும் வாரங்களில் வேகப் பயிற்சிகளைச் சேர்த்தவர்தான்.

ஆய்வகம் என்ன சொல்கிறது? நார்வேயில் யான் ஹெல்கெருட்டும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஓரளவு பயிற்சி உள்ள 40 ஆண்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, வாரம் மூன்று நாள் வீதம் 8 வாரம் ஓடவிட்டார்கள். மொத்த உழைப்பு எல்லோருக்கும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். நிதானமாக 45 நிமிடம் ஓடியவர்களிடமும், நடுத்தர வேகத்தில் சுமார் 24 நிமிடம் ஓடியவர்களிடமும் உச்ச ஆக்சிஜன் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 4 நிமிட வேக ஓட்டத்தை, இடையில் 3 நிமிட மெது ஓட்டத்தோடு, நான்கு முறை செய்தவர்களுக்கு 7.2 சதவீதம் கூடியது. இது தீவிரத்தின் வெற்றிபோலத் தெரியும். ஆனால் 2015இல் 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டு முறையுமே நல்ல பலன் தருவதும், இன்டர்வல் முறையின் கூடுதல் லாபம் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.2 மில்லிலிட்டர் மட்டுமே என்பதும் தெரிந்தது. முந்துகிறது, ஆனால் வெகுதூரம் முந்தவில்லை.

இன்டர்வல் முறை முந்துவதற்குக் காரணம் வேதனைதானா? 1960இல் ஸ்வீடனில் நடந்த ஒரு சோதனை வேறு விதமாகக் காட்டுகிறது. சைக்கிள் கருவியில் 350 வாட் அளவுக்கு நிறுத்தாமல் மிதித்த ஒருவர் சுமார் 9 நிமிடத்தில் களைத்து நின்றுவிட்டார். அதே பளுவை 30 வினாடி மிதித்து 30 வினாடி ஓய்வெடுத்தபோது, அதே மனிதர் பெரிய சோர்வில்லாமல் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தார். பளு மாறவில்லை. மாறியது பங்கீடு. இன்டர்வல் பயிற்சி உடலை வதைக்கும் கலை என்று எண்ணுவது தவறு. உயர்ந்த பளுவை உடல் தாங்கும்படி பிரித்துக் கொடுக்கும் கலை அது.

கடுந்தவத்திலும் இந்தப் பங்கீடு உண்டு. ஜப்பானின் ஹியேய் மலையில் தெண்டாய் பௌத்தத் துறவிகள் செய்யும் ஆயிரம் நாள் நடைத் தவம் உலகின் மிகக் கடினமான விரதங்களில் ஒன்று. அந்த ஆயிரம் நாள் ஒரே மூச்சாக நடப்பதில்லை. ஏழு ஆண்டுகளில் பரவுகிறது. முதல் மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 100 நாள், நாளுக்கு 30 கிலோமீட்டர் அளவில் தொடங்கி, தூரமும் நாட்களும் பிறகுதான் கூடுகின்றன.

பாடுபட்ட அளவுக்குப் பலன் வரும் என்ற நம்பிக்கையையும் உடலியல் அசைத்துப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஹெரிடேஜ் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத ஏறத்தாழ 480 பேர் 20 வாரம் ஒரே ஒழுங்கில் சைக்கிள் மிதித்தார்கள். சராசரியாக நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர் ஆக்சிஜன் கூடியது. ஆனால் சிலருக்கு ஒரு லிட்டர் கூடியது, சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை. ஒரே குடும்பத்தாரின் பலன்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. ஆகவே, பலன் குறைந்தவரைப் பார்த்து ‘இவர் மனசு வைத்து உழைக்கவில்லை’ என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. செயலில்தான் உனக்கு அதிகாரம், பலனில் இல்லை என்ற கீதையின் கருத்து, இந்த எண்களுக்கு முன்னால் வெறும் ஆறுதல் வார்த்தையாக நிற்கவில்லை. நடப்பைச் சரியாகச் சொல்கிற வார்த்தையாக நிற்கிறது.

அப்படியானால் வீணை காட்டிய நடுவழி என்பது எப்போதும் நடுத்தர வேகத்தில் ஓடுவதா? அதுவும் இல்லை. ஸ்டீஃபன் சைலர் என்ற ஆய்வாளர் உலகத்தரப் படகு வீரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், ஓட்டக்காரர்கள் ஆகியோரின் பயிற்சிகளைப் பார்த்தபோது, சுமார் 80 சதவீதம் இலேசாகவும் 20 சதவீதம் கடினமாகவும் இருந்தது. சீதவனத்து அறிவுரையை இங்கே கூர்ந்து படிக்கலாம். வீணையில் நரம்புகள் பல. எல்லாவற்றையும் ஒரே முறுக்கில் வைத்தால் சுருதி சேராது. அந்தந்த நரம்புக்கு அதனதன் அளவு. இலேசான நாளை உண்மையிலேயே இலேசாக வைத்துக்கொள்வதும், கடினமான நாளில் துணிந்து முறுக்குவதும்தான் நடுவழி. இரண்டையும் கலந்து எல்லா நாளும் பாதி களைப்போடு ஓடுவது சராசரி மட்டுமே.

முறுக்கைத் தளர்த்துவதும் பலன் தரும் என்பதற்கு ஓர் உதாரணம் ரோஜர் பானிஸ்டர். 1954இல் அவர் லண்டனில் மருத்துவ மாணவர். மதிய உணவு வேளையில் பயிற்சி செய்தவர். கால் மைல் தூரத்தைப் பத்து முறை, இடையே இரண்டு நிமிட ஓய்வோடு ஓடுவார். ஒவ்வொன்றும் 61 வினாடி. அதற்குக் கீழே எவ்வளவு முயன்றும் இறங்கவில்லை. பயிற்சியை விட்டுவிட்டு நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சில நாட்கள் மலையேறிவிட்டு வந்தார். திரும்பி வந்து ஓடியபோது 59 வினாடி. அந்த ஆண்டு மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடி, நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் மனிதரானார்.

புதிதாக ஓடத் தொடங்குகிறவர்கள் முதல் சில வாரம் பேச்சு தடைபடாத வேகத்தில் ஓடட்டும், இடையே நடக்கவும் செய்யட்டும். பழகிய பிறகு வாரத்தில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள், இன்டர்வல் பயிற்சி போதும். மற்ற நாட்களில் நிதானமாக ஓடுவதற்காக யாரும் கூச்சப்பட வேண்டாம். இதயக் கோளாறு, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் வேக ஓட்டத்துக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். பாதம் புண்ணானால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, முதலில் நல்ல ஷூ வாங்குங்கள்.