'எங்கள்' என்றால் யார்?

நான் படித்த கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் காலைச் செபத்தில் கடவுளை 'எங்கள் தந்தை' என்போம். 'என்' இல்லை, 'எங்கள்'. 'நம்' என்றால் எதிரே நிற்பவரும் சேர்த்தி. 'எங்கள்' என்றால் இல்லை. கடவுள் வெளியே நிற்கட்டும், இலக்கணப்படி சரி. பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை நிற்கலாமா?

வடக்கன்குளம் கோயிலுக்குள் 19ஆம் நூற்றாண்டில் சாதிச் சுவரே இருந்தது. சுவர் போச்சு, கல்லறைத் தோட்டம் இன்னும் சில ஊர்களில் ரெண்டுதான். 1950 ஆணை ஞானஸ்நானம் வாங்கின தலித்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. சர்க்கார் 'நீ அந்தச் சாதியில்லே' என்கிறது. ஊர் 'அதேதான்' என்கிறது.

விசுவாசம் மனப்பாடம் இல்லை. ஒரே அப்பனுக்குப் பிள்ளைன்னா, ஒரே மண்ணில் புதையவும் சம்மதிக்கணும். அதற்கு மனசில்லாதவர் 'என் தந்தை' என்றே செபிக்கட்டும். பிள்ளைகள் வாயில் பொய்யாவது ஏறாது.