ருசு கேட்பவரும் ருசு கொடுப்பவரும்

ஏழைக்கு நன்மை வரும்படி சொல்லுகிற பொய்யும் பாவமா? ஞானோபதேச வகுப்பில் நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய கேள்வி இது. பதிலும் நமக்குத் தெரியும். எந்த நன்மையை முன்னிட்டும் பொய் சொல்லலாகாதென்று அர்ச். அகுஸ்தினார் இதற்காகவே இரண்டு நூல்கள் எழுதினார். அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் பிறருக்கு உதவியாகச் சொல்லும் பொய்யை இலேசான குற்றமென்று வகுத்தாரேயன்றி, குற்றமே அல்லவென்று விட்டுவிடவில்லை. பதில் இவ்வளவு தெளிவாயிருந்தும், உதவிப் பணத்துக்கு மனுப்போடும் ஓர் ஏழைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் வேளையில் நம்மில் அநேகர் அதை மறந்துவிடுகிறோம். துர்க்குணத்தால் அல்ல. சர்க்கார் கேட்கிற தஸ்தாவேஜு அந்த ஏழையிடம் ஒருநாளும் இருந்திருக்க முடியாது என்று கண்டு மனம் பொறுக்காமலேயே அப்படிச் செய்கிறோம். இந்தக் கோபத்தில் நியாயம் உண்டா? அயர்லாந்து தேசத்தில் நூறு வருஷத்துக்கு முன் நடந்த ஒரு காரியத்தை வைத்து இதை யோசித்துப் பார்ப்போம்.

அப்போது அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்தது. 1908-ம் வருஷம் லண்டன் பார்லிமெண்டு முதியோர் உபகாரச் சம்பளச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. 1909 ஜனவரி 1-ந் தேதி முதல், 70 வயது பூர்த்தியான ஏழைகளுக்கு, வருஷ வருமானம் 21 பவுனுக்கு மேற்படாதிருந்தால், வாரம் 5 ஷில்லிங் தபாலாபீசில் கொடுக்கப்படும். சந்தா ஏதும் கட்டியிருக்கத் தேவையில்லை. ஆனால் வயதுக்கு அத்தாட்சி காட்டவேண்டும்.

அங்கேதான் சிக்கல். இங்கிலாந்தில் பிறப்புகளைச் சர்க்கார் பதிவு செய்யத் தொடங்கியது 1837-ல். அயர்லாந்திலோ 1864-ல். 1909-ல் 70 வயதாகும் ஐரிஷ்காரன் 1839-க்குள் பிறந்திருக்க வேண்டும். அதாவது பதிவுப் புஸ்தகம் திறக்கப்படுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னே. கோயில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறதே என்பீர். கத்தோலிக்க வேதத்தை ஒடுக்கிய சட்டங்கள் நெடுங்காலம் அந்நாட்டில் இருந்தபடியால், மேற்குப் பகுதிகளில் பல பங்குகளின் பதிவேடுகள் 19-ம் நூற்றாண்டில்தான் ஆரம்பமாகின்றன. சரி, உடன் வளர்ந்தவர்களைச் சாட்சியாக அழைக்கலாமென்றால், 1845 தொடங்கி உருளைக்கிழங்கு விளைச்சல் அழிந்து உண்டான பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் அதிகமானோர் கப்பலேறிப் போனார்கள். ஒரு கிழவியின் வயதை அறிந்தவர்கள் ஒன்று குழியில், அல்லது அமெரிக்காவில்.

எழுதி வைக்கவேண்டியவர் எழுதாமல் விட்டுவிட்டு, எழுத்தை எழுதப் படிக்கத் தெரியாதவளிடம் கேட்பது நீதியா? இயலாத காரியத்துக்கு ஒருவனும் கட்டுப்பட்டவன் அல்லன் என்பது ஒழுக்கநெறி நூலாரின் பழைய விதி. மோயீசனின் சட்டமும் இரண்டு மூன்று மனிதரின் வாக்கைக் கேட்டதேயன்றிக் காகிதத்தைக் கேட்கவில்லை.

ஆனால் அந்நாட்டு அதிகாரிகள் காகிதமொன்றையே பிடித்துக்கொண்டிருக்கவுமில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1841, 1851-ம் வருஷத்து ஜனக்கணக்கு ஏடுகள் டப்ளின் நகரத்தில் இருந்தன. தகப்பன் தாய் பேரும் ஊரும் எழுதிக்கொடுத்தால் அங்கே தேடிப் பார்ப்பார்கள். 1841-ல் இரண்டு வயதுக் குழந்தையென்று எழுதப்பட்டிருந்தால் போதும். (1922-ல் நடந்த உள்நாட்டுச் சண்டையில் அந்த ஏடுகள் அநேகமாய் எரிந்துபோயின. உபகாரச் சம்பளத்துக்காகத் தேடியெழுதிய சீட்டுகள் மட்டும் மிஞ்சின. மறைந்த அநேக குடும்பங்களின் பேர்கள் இன்று அந்தச் சீட்டுகளிலேதான் இருக்கின்றன.) ஏட்டிலும் பேர் அகப்படாதவர்களுக்கு ஒரு புயல் கைகொடுத்தது. 1839-ல் மூன்று இராஜாக்கள் திருநாளாகிய ஜனவரி 6-ந் தேதி இரவு அயர்லாந்து முழுவதிலும் வீடுகளைப் பெயர்த்தெறிந்த பெருங்காற்று அடித்தது. சட்டம் அமலுக்கு வந்த ஐந்து நாளில் அதற்குச் சரியாக 70 வருஷம். அந்த இரவு நினைவிருக்கிறதென்று ஒரு முதியவர் சொன்னால், அவர் 70 கடந்தவரே என்று வைத்துக்கொள்ள இடமிருந்தது. நல்ல ஏற்பாடுதான், இயலாதவரிடம் இயன்றதைக் கேட்டது.

பிறகு நடந்தது என்ன? எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான பேர் உபகாரச் சம்பளம் பெற்றார்கள். 1901-ம் வருஷத்து ஜனக்கணக்கையும் 1911-ம் வருஷத்துக் கணக்கையும் ஒத்துப் பார்த்தால், பத்தே வருஷத்தில் பதினைந்து வயது மூத்தவர்களைக் காணலாம். தாய் சொல்லிக் கேட்ட புயலைத் தானே கண்டதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். உள்ளூர்க் கமிட்டிகள் இரக்கப்பட்டுக் கையெழுத்திட்டன. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் மேலிடத்துக்கு அப்பீல் செய்தார்கள். கொடுத்த சம்பளம் பலருக்கு நிறுத்தப்பட்டது. அப்படி நீக்கப்பட்டவர்களில் மெய்யாகவே 70 கடந்தவர் எவர், கடவாதவர் எவரென்று பிரித்தறிய என்ன வழி இருந்தது?

இங்கே, வாசகரே, கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தன் வயது தெரியாத ஒருத்தி, ஊரார் சொல்லும் கணக்கை நம்பி "எனக்கு எழுபது" என்றால் அவள் பொய் சொன்னவள் அல்லள். மனதுக்கு விரோதமாய்ப் பேசுவதே பொய். 66 என்று தெரிந்தும் 70 என்றவள் பொய் சொன்னாள். ஆயினும் அவள்மேல் முதல் கல்லை எறிய என் கை எழும்பாது. கடைசி நெருக்கடியில் பிறன் அப்பத்தை எடுப்பது திருட்டாகாதென்று அர்ச். தோமாஸ் சொல்லுகிறாரே, வயிறு காய்ந்த கிழவிக்கு அது பொருந்தாதா என்றால், எடுப்பதற்குத்தான் அந்த நியாயம். பொய் சொல்வதற்கு அவர் அதைத் தரவில்லை. உழைத்துத் தேய்ந்தவருக்கு 70 என்ற வரம்பே கடினம் என்பது என் அபிப்பிராயம். அந்தக் குறையை வெளியரங்கமாய்ச் சொல்லி, சட்டத்தை மாற்றும்படி கேட்பதே முறை.

பசியில்லாமல் கையெழுத்துப் போட்டவனுடைய குற்றமே எனக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது. காகிதமில்லாத ஏழைக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சொத்து அயலானின் வாக்கு. அந்த வாக்கு செல்லுபடியாகும்வரைதான் புயலும் அத்தாட்சியாயிருந்தது. இரக்கத்தினால் ஒருவன் பொய்ச் சாட்சி சொல்ல, அது நூறு பேர் வழக்கமாக, உத்தியோகஸ்தன் எந்த வாய்ச்சொல்லையும் நம்ப மறுக்கிறான். அப்போது நஷ்டமடைவது யார்? மெய்யாகவே 74 வயதாகி, காகிதம் ஒன்றுமில்லாமல், கயிறுபோல் உண்மையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அடுத்த வீட்டுக்காரி. நாம் தானம் செய்ததாக நினைத்தோம். அவளுடைய பையிலிருந்து எடுத்தல்லவா கொடுத்தோம்! அந்த 5 ஷில்லிங்கும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. கூலிக்காரன் குடித்த தேயிலைக்கும் புகையிலைக்கும் செலுத்திய வரியும் அதில் சேர்ந்திருந்தது.

நம் ஊரிலும் இதே நிலை. பிறப்பு, இறப்புப் பதிவுக்கு இந்தியா முழுவதற்குமான சட்டம் 1969-ல் தான் வந்தது. இன்று முதியோர் உதவிப் பணம் கேட்கும் 60 கடந்தவர்கள் அதற்கு முந்தினவர்கள். பள்ளிக்கூட வாசலை மிதியாதவரிடம் பள்ளிச் சான்றிதழ் ஏது? ஆதார் எடுத்தபோது பலருக்கு உத்தேசமாகவே வயது எழுதப்பட்டது. அந்த அட்டை பிறந்த தேதிக்கு நிரூபணம் ஆகாதென்று 2024 அக்டோபரில் ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. பள்ளிச் சான்றிதழையே மேலாகக் கொண்டது. நமக்கும் ஒரு புயல் இருக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது ஓடித் திரிந்த பிள்ளை இன்று 60 கடந்தவரே. அதை எழுத எந்தப் பாரத்திலும் கட்டம் இல்லை. கட்டம் வேண்டுமென்று கேட்பதில் தவறுமில்லை.

அதுவரையில், உம்மிடம் கையெழுத்துக் கேட்டு வருபவருக்கு வெறுங்கையை விரிக்கவேண்டாம். தெரியாத வயதைத் தெரியுமென்று எழுதவும் வேண்டாம். "இன்ன தெருவில் நாற்பது வருஷமாய் இவளை அறிவேன். நான் கலியாணம் முடித்து இங்கே வந்தபோது இவள் மூத்த மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். பிறந்த தேதி எனக்குத் தெரியாது" என்று எழுதலாமே! நேர்மையான அதிகாரிக்கு இதில் வேண்டிய மட்டும் விஷயம் உண்டு. கோயில் ஏடுகளையும் பாரும். ஞானஸ்நானப் பதிவேடு அகப்படாவிட்டால் விவாகப் பதிவேட்டில் பெரும்பாலும் மணமகளின் வயது எழுதியிருக்கும். பிள்ளைகளின் ஞானஸ்நானத் தேதியும் ஒரு கணக்குக்கு உதவும். பிரதி கேட்டு வருகிறவர்கள் தகப்பன் தாய் பேரையும், ஞானப் பெற்றோர் பேரையும், எந்தக் கோயிலில் என்பதையும் குறித்துக்கொண்டு வரட்டும். வருஷம் தெரியாதென்றால் பாதகமில்லை. முன்னும் பின்னும் பத்து வருஷத்துப் பக்கங்களைப் பொறுமையாய்ப் புரட்ட வேண்டியிருக்கும், அவ்வளவே.