முதுமையைத் தாங்கும் கடன்

புதுக்கடை என்றதும் கொழும்பு மக்களுக்கு நீதிமன்றங்களே நினைவுக்கு வரும். 1889 ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் மனைவிக்கும் பிள்ளைக்கும் உரிய பணத்தைப் பற்றியே பேசிற்று. பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமையென எழுதிவைத்தது, 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமாகும். முறையீடுகளை விசாரிக்கத் தாபரிப்புச் சபையொன்றும் அதன்வழி அமைந்தது.

இக்கடமையின் அடிப்படை யாது? வளர்த்த செலவைத் திருப்பிக் கொடுத்தல் எனின், குழந்தை எவரிடமும் கடன் கேட்டதில்லை. அன்பு எனின், அதனைக் கட்டளையிட எந்த நீதிபதியாலும் இயலாது, பணத்தையே கட்டளையிடலாம்.

ஊழியர் சேமலாப நிதி உடையவர் பிள்ளையை நம்பவேண்டியதில்லை என்பது பொதுவான எண்ணம். 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நூற்றுக்கு 8, தொழில்தருநர் 12 செலுத்துகின்றனர். ஆனால் இன்று சேமித்த ரூபாய் முப்பது ஆண்டுகளின் பின் சோறாக வேண்டுமெனின், அன்று வயலில் எவரேனும் உழைத்தாக வேண்டும். அதே 1958 இல், முதியோரை இளையோரின் உழைப்பே தாங்குகிறது என்பதைச் சாமுவேல்சன் கணிதமுறையில் ஆராய்ந்தார். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை அண்மித்தபோது, சேமிப்பு என்பது வெறும் உரித்துச் சீட்டே என்பது கணிதமின்றியே விளங்கிற்று.

ஆகவே, பிள்ளையற்ற ஓய்வூதியரும் பிறர் பெற்ற பிள்ளைகளாலேயே உண்கிறார். அப்பிள்ளைகளை வளர்த்தவளின் நிலை என்ன? கொட்டாஞ்சேனையில் நான்கு பிள்ளைகளை வளர்த்து, ஒருநாளும் கூலி பெறாத தாயொருத்தியை எண்ணுக. அவளுக்குச் சேமலாபக் கணக்கு இல்லை. பிள்ளைகளின் பங்களிப்பு அவரவர் கணக்கிலேயே சேரும். மகன் ரொறன்ரோவுக்குப் பெயர்ந்தால், அவன் கட்டும் தொகை கனடிய ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்லும். அங்குள்ள முதியோர் அதனாற் பயன்பெறுவர். வளர்த்த செலவு கொட்டாஞ்சேனையினது, விளைச்சல் ரொறன்ரோவினது. மகன் அனுப்பும் பணம் அவனுடைய நற்குணத்தையே சார்ந்தது. கடல்கடந்தவனைச் சபை எவ்வாறு அழைக்கும்?

அத்தகையவளுக்குப் பொது வருவாயிலிருந்து ஓய்வூதியம் வழங்குதல் தருமமன்று, கணக்குத் தீர்த்தலேயாகும். திறைசேரியிற் பணமில்லை என்பர். அரச ஊழியரின் ஓய்வூதியமோ தனியொரு நிதியத்திலிருந்தன்றி வரிப்பணத்திலிருந்தே கொடுக்கப்படுகிறது. சீனிக்கும் பருப்புக்கும் அவள் செலுத்திய வரியும் அதில் அடக்கம்.