கொலம்போவின் மழைக்கோட்டு

1968 முதல் 2003 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்துபோன துப்பறிவாளர் கொலம்போ என்றதும் கண்முன் நிற்பது அந்தக் கசங்கிய மழைக்கோட்டுதான். அதை ஆடை வடிவமைப்பாளர் யாரும் தைத்துத் தரவில்லை. நடிகர் பீட்டர் ஃபாக் நியூயார்க்கில் ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டபோது கடையில் வாங்கிய சொந்தக் கோட்டு அது. மழை அபூர்வமான லாஸ் ஏஞ்சல்ஸில் அதை மாட்டிக்கொண்டு கொலம்போ திரிந்தார்; அந்தப் பொருத்தமின்மையே பாத்திரத்துக்கு உயிராயிற்று. புதுக்கோட்டு போட்டிருந்தால் எந்தக் கொலைகாரரும் அவரிடம் அசட்டையாக இருந்திருக்க மாட்டார்.

தொடரை உருவாக்கிய லெவின்சனும் லிங்கும் அவருக்கு முதற்பெயர் வைக்கவில்லை. ஆனால் 1971இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் அவர் அடையாள அட்டையைக் காட்டுகிறார். அதில் ‘ஃபிராங்க்’ என்று இருக்கிறது. படப்பிடிப்பு அவசரத்தில் யாரோ நிரப்பிய இடமாக இருக்கலாம். அன்று வீட்டில் பார்த்தவர்களால் காட்சியை நிறுத்திப் படிக்க முடியாது. பின்னாளில் டிவிடி வந்தது, ரசிகர்கள் நிறுத்தினார்கள், படித்தார்கள். இதை வெட்டிவேலை என்று நான் சொல்ல மாட்டேன். மேசைமேல் கிடக்கும் அற்பப் பொருளைக்கூட விடாமல் பார்க்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே கொலம்போதான். வாய் ஓயாமல் அவர் குறிப்பிடும் தன் மனைவியின் முகத்தை மட்டும் அந்தத் தொடர் கடைசிவரை காட்டவேயில்லை. அது நல்ல முடிவு.