வீழ்ச்சிகளின் எண்ணிக்கை



பொறுமையைப் பற்றிப் பேசப் புகுவோர் நிலத்தையும் மலையையும் உவமை காட்டுவது வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருளோ கணினியில் ஆடப்படும் ஒரு விளையாட்டு. மூத்தோர் சிலர் முகம் சுளிப்பர் என்பதை அறிவோம். பயனற்ற செயலில் பொழுதையும் மனத்தையும் சிதறவிடுதல் அநர்த்ததண்டத்தின்பாற்படும் என்று நாமே பலமுறை கூறியிருக்கிறோம். அக்கருத்தினின்று இன்றும் நாம் விலகவில்லை. எனினும் கண்டதைக் கண்டபடி கூறுவதும் ஓர் அறமன்றோ?

நம் துணைவியார் காலமான ஆண்டில், கல்லூரி விடுமுறைக்கு நம் பேரன் இல்லம் வந்திருந்தான். பாட்டியிடம் பேரன்பு பூண்டவன். தேர்வின் காரணமாக இறுதிச் சடங்கிற்கு வர இயலாமற் போனது அவன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. எவரிடமும் பேசான், உணவருந்திய கையோடு கணினியின் முன் அமர்ந்துவிடுவான். ‘இது என்ன பித்து?’ என்று கடிந்துரைக்கவே ஒரு நாள் அவன் அருகில் சென்று அமர்ந்தோம். கடிந்துரைக்காமலே எழுந்து வந்தோம். அதன்பின் நாள்தோறும் சென்று அமரலானோம்.

அவ்விளையாட்டின் பெயர் ‘செலஸ்ட்’. மேடி தோர்சன், நோயல் பெரி என்னும் இருவர் நான்கே நாட்களில் உருவாக்கிய ஒரு சிறு விளையாட்டு, பின்னர் விரிவு பெற்று 2018 ஜனவரியில் வெளியாயிற்று. மேடலின் என்னும் பெண், கனடா நாட்டில் உள்ளதாகக் கூறப்படும் ஒரு மலையின் உச்சியை அடைய முயல்கிறாள். மேடை விட்டு மேடை தாவிச் செல்லும் வகையைச் சார்ந்தது. அவள் கையில் படைக்கலம் ஏதும் இல்லை. சுட்டு வீழ்த்தும் ஆட்டங்கள் மலிந்த உலகில் இது நம் கருத்தை ஈர்த்தது. அவளால் இயல்பவை மூன்றே: தாவுதல், வானிடைப் பாய்தல், சுவரைப் பற்றி ஏறுதல். ஒருமுறை பாய்ந்துவிட்டால் தரையையோ, வழியில் மிதக்கும் பளிங்கு ஒன்றையோ தொட்டாலன்றி மறுமுறை பாய இயலாது. சுவரைப் பற்றும் வலிமையும் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். எங்கு நோக்கினும் முட்கள். முள் தீண்டினால் அவள் மாய்வாள். ஆனால் கண்ணிமைப்பதற்குள் அதே திரையின் தொடக்கத்தில் மீண்டும் நிற்பாள்.

இவ்விளையாட்டின் இறுதிப் பகுதி 2019 செப்டம்பரில் வெளிவந்தது. விடைபெறுதல் என்று பொருள்படும் ‘ஃபேர்வெல்’ என்பது அதன் பெயர். மலையடிவாரத்தில் மேடலினுக்கு அறிமுகமான மூதாட்டி இறந்துபோகிறாள். அவ்விறப்பை ஏற்க மனமில்லாத மேடலின், கனவில் ஒரு பறவையைத் துரத்திக்கொண்டு விண்வெளி வரை செல்கிறாள். நூற்றுக்கும் மேற்பட்ட திரைகள். இறுதித் திரையோ மிக நெடியது. இடையில் இளைப்பாற ஓரிடமும் இல்லை. கடைசி அடியில் தவறினாலும் முதலடியிலிருந்து தொடங்க வேண்டும். பேரன் ஏன் அப்பகுதியை விடாது பற்றியிருந்தான் என்பது இக்கதையைக் கேட்ட பின்னரே நமக்கு விளங்கிற்று. ஆயினும் அவனிடம் அதைப்பற்றி ஏதும் கேட்டோமில்லை.

அவன் பயின்ற முறையைச் சற்று விரித்துக் கூறுவது நன்று. தொடக்கத்தில் அவன் வெல்ல முயலவே இல்லை. முள் எங்குள்ளது, பளிங்கு எங்குள்ளது, பாய்ந்தால் எவ்வளவு தொலைவு செல்லும் என்று அறிவதற்காகவே வீழ்ந்தான். பிறகு அத்திரையைத் தன் மனத்துள் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொண்டான். முதல் துண்டில் நூறு முறை வீழ்ந்தான். நூற்றோராவது முறையில் அது கைவந்தது. ஆனால் இரண்டாவது துண்டில் வீழ்ந்ததும் முதல் துண்டையே மீண்டும் கடக்க வேண்டும். இது கொடுமை என்றே முதலில் எண்ணினோம். நாட்கள் செல்லச் செல்ல உண்மை புலப்பட்டது. அவனை அலைக்கழித்த முதல் துண்டை, நம்மோடு பேசிக்கொண்டே கடக்கத் தொடங்கினான். விரல்கள் தாமே அறிந்திருந்தன. புதிய இடர்கள் வரும்போது செலுத்தக் கவனம் முழுவதும் மிச்சமாக இருந்தது.

அவன் வீழ்ந்த இடங்களையும் நாம் கூர்ந்து நோக்கினோம். அரிய இடங்களில் வீழ்ந்ததைவிட, அரியதைக் கடந்தவுடன் வரும் எளிய இடத்தில் வீழ்ந்ததே மிகுதி. ‘கடந்துவிட்டோம்’ என்னும் மகிழ்ச்சி கண்ணை மறைத்தது. இறுதியை நெருங்கிய ஒரு நாள், ‘தாத்தா, இன்னும் ஒன்றேதான்!’ என்று அவன் கூவினான், கூவியபோதே வீழ்ந்தான். அன்று சினம் மூண்டது. சினம் மூண்டபின் அவன் ஆடியது ஆட்டமே அன்று. விசைகளை அடித்தான், முன்னர்ப் பேசிக்கொண்டே கடந்த முதல் துண்டில் இருபது முறை தொடர்ந்து வீழ்ந்தான். கணினியை மூடிவிட்டு உறங்கச் சென்றான். மறுநாட் காலை, நீராடி உணவருந்திவிட்டு அமர்ந்தவன், முதல் முயற்சியிலேயே பாதித் தொலைவு சென்றான். இரவில் அவனுக்குப் புதிதாக யார் கற்பித்தார்கள்? குரோதம் என்னும் கஷாயம் மறைத்திருந்த திறன், அது அடங்கியதும் வெளிப்பட்டது, அவ்வளவே.

பத்து அறங்களுள் உத்தம க்ஷமை முதலிடம் பெறுவதை நாம் ஆண்டுதோறும் ஓதுகிறோம். பிறர் நமக்கிழைத்த தீங்கைப் பொறுப்பதையே அப்போது நினைக்கிறோம். தன் வீழ்ச்சியைத் தான் பொறுப்பதும் அதனுள் அடங்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. விளையாட்டை அமைத்தவர்கள் வீழ்ச்சிக்கும் எழுச்சிக்கும் இடையே இடைவெளியே வைக்கவில்லை. அந்த இடைவெளியைத் தன்னிகழ்ச்சியாலும் சினத்தாலும் நிரப்புபவர்கள் நாம்தாம். தொடக்கத்தில் வரும் ஓர் அஞ்சலட்டை, மாய்ந்த எண்ணிக்கைக்காக நாண வேண்டா, அது கற்றதன் அளவு என்னும் கருத்தைக் கூறுகிறதாம். மேடையின் விளிம்பைத் தாண்டி ஒரு நொடியின் சிறு கூறு கழிந்த பின்னும் தாவுதலை ஏற்றுக்கொள்ளும்படி இதன் கணிப்பு அமைக்கப்பட்டிருப்பதாகவும் பேரன் விளக்கினான். கடுமையான ஆட்டத்தின் உள்ளே இப்படி ஒரு கனிவு!

கதையிலும் ஒரு நுட்பம் உண்டு. மேடலினின் அச்சமும் ஐயமும் அவளைப் போன்றே ஓர் உருக்கொண்டு அவளைத் துரத்துகின்றன. அதனை உதறித் தள்ள முயன்று அவள் மலையின் அடியாழத்திற்கு வீழ்கிறாள். பின்னர் அவ்வுருவோடு இணங்கிய பிறகே உச்சிக்கு ஏறும் வலிமை பெறுகிறாள். அகப்பகையை அறிந்து அமைதிப்படுத்துவது வேறு, வெறுத்து ஓடுவது வேறு என்பதை இளைஞர்க்கு இதைவிட எளிதாக நாம் சொல்லியதுண்டா என்று எண்ணிப் பார்த்தோம்.

இனி நம் குறையையும் மறைக்காமல் கூறிவிடுகிறோம். நம் துணைவியார் நாள்தோறும் மாலையில் 48 நிமிடங்கள் சாமாயிகத்தில் அமர்வார். அதனைப் பிறர்க்கு உபதேசித்துவந்த நாமோ பல்லாண்டுகளுக்கு முன்பே கைவிட்டிருந்தோம். அமர்ந்தவுடன் மனம் வயலுக்கும் வழக்குக்கும் பிள்ளைகள் திருமணத்துக்கும் ஓடிற்று; திருப்பிக் கொணர்ந்தால் மீண்டும் ஓடிற்று. ‘இது நமக்கு வாய்க்காது’ என்று எழுந்துவிட்டோம். அம்மையார் ஒருமுறை, “எனக்கும் ஓடத்தான் செய்கிறது, ஓடினால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்” என்றார். அது அடக்கத்தால் கூறிய சொல் என்று கருதிப் புறக்கணித்தோம். அவர் உண்மையையே கூறினார் என்பது, அவர் மறைந்தபின், அவர் பேரனின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விளங்கிற்று.

விடுமுறை முடிய மூன்று நாள் இருக்கையில் அவன் அத்திரையைக் கடந்தான். கூவவில்லை. மேடலின் விடைபெறும் காட்சியை நாம் இருவரும் பேசாமல் பார்த்தோம். பின்னர் அவ்விளையாட்டின் குறிப்பேட்டைத் திறந்து, அப்பகுதியில் மட்டும் அவன் வீழ்ந்த எண்ணிக்கையைக் காட்டினான், நாலாயிரத்தைக் கடந்திருந்தது. கணினியை மூடியவன், பாட்டியின் இறுதி நாட்களைப் பற்றி முதன்முறையாக நம்மிடம் கேட்டான். நெடுநேரம் பேசினோம்.

அன்று மாலை அம்மையாரின் பாயை விரித்து அமர்ந்தோம். மனம் விலகுந்தோறும் எண்ணுவோம் என்று தொடங்கினோம். பதினேழு வரை எண்ணினோம். அதன்பின் எண்ணிக்கை தவறிற்று. வெளியே வந்தபோது திண்ணையில் அமர்ந்திருந்த பேரன், “எத்தனை, தாத்தா?” என்றான்.